கட்டணமில்லாத கருவிகளிடம் வேலை வாங்குவது எப்படி? – வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தாயாரின் முதியோர் உதவித்தொகை தொடர்பான அரசாணையைப் படித்துப் பார்க்க விரும்பிக் கூகுளில் தேடினேன். செய்தித் துணுக்குகளும் காணொளிகளும் தனியார் தளங்களும்தான் வந்து நிற்கின்றன. அரசு வெளியிட்ட தாளையே கண்டெடுக்க வழி உண்டா?
– வாசகி, அரியலூர்

பதில்: உண்டு. நாம் தேடும்போது நம் வாயில் வரும் சொல்லை இடுகிறோம். ஆவணத்திலோ அதை எழுதிய அலுவலகத்தின் சொல்தான் இருக்கும். வீட்டில் 'ஓ.ஏ.பி. பணம்' என்றும் நாளிதழில் 'முதியோர் உதவித்தொகை' என்றும் வழங்குவது, அரசுத் தாள்களில் 'இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம்' என்ற பெயரில் வரும். அதைக் கவனிக்கும் அலுவலர் 'சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்' ஆவார். இந்தப் பெயர்களை இட்டுத் தேடினாலே பாதிக் குப்பை விலகிவிடும்.

அடுத்து, எங்கே தேட வேண்டும் என்பதையும் கூகுளுக்குச் சொல்லிவிடுங்கள். 'சைட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டி, அதை ஒட்டி முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தமிழ்நாடு அரசுத் தளங்களின் பொது முகவரியான 'டிஎன்.ஜிஓவி.இன்' என்பதை ஆங்கில எழுத்துகளில் சேர்த்தால், அந்த முகவரியில் முடியும் தளங்களிலிருந்து மட்டுமே முடிவுகள் வரும். அதே முறையில் 'ஃபைல்டைப்' என்ற சொல்லுக்குப் பின் 'பிடிஎஃப்' என்று இட்டால், வெறும் இணையப் பக்கங்கள் விலகி, பி.டி.எஃப். ஆவணங்கள் மட்டும் நிற்கும். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்தே இடலாம். 'ஆஃப்டர்' என்ற சொல்லோடு ஓர் ஆண்டைச் சேர்த்தால் அதற்குப் பிந்தைய பக்கங்களை மட்டும் கேட்கலாம்; ஆனால் அந்தத் தேதி கூகுள் தானாகக் கணித்துக்கொள்வது என்பதால் அதை முழுதும் நம்ப வேண்டாம்.

தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அப்படியே தேடும் என்பதைப் பலரும் அறிவார்கள். தமிழில் இதை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். 'முதியோர் ஓய்வூதியத் திட்டம்' என்று மேற்கோளுக்குள் இட்டால், 'திட்டத்தின்', 'திட்டத்தின்கீழ்' என்று வேற்றுமை உருபு ஏறிய இடங்கள் விடுபடக்கூடும். ஒற்று மிகாமல் 'ஓய்வூதிய திட்டம்' என்று தட்டச்சு செய்யப்பட்ட தாள்களும் அகப்படாமல் போகலாம். ஆகையால் உருபு ஏற்று மாறாத முன்பகுதியை மட்டும், அதாவது 'தேசிய முதியோர்' என்பதை மட்டும், மேற்கோளுக்குள் வைத்து மற்றவற்றை வெளியே விடுவது நல்லது.

இவ்வளவு செய்தும் கிடைக்காவிட்டால், ஆவணமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியைத் (யூனிகோட்) தமிழ்நாடு அரசு தன் தரமாக ஏற்றது 2010ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பும், பல அலுவலகங்களில் அதற்குப் பின்பும், வானவில் போன்ற தனிக் குறியீட்டு எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடந்தது. அத்தகைய தாள் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியலே. எடுத்துக்காட்டாக, இலங்கையில் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கணினியில் பதிவாகிறது. நீங்கள் ஒருங்குறியில் எவ்வளவு தேடினாலும் அது கண்ணில் படாது. ஆனால் இத்தகைய எழுத்துருக்களில் எண்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே அரசாணை எண்ணும் நாளும் செய்தித்தாள் எதிலாவது கிடைத்தால், அந்த எண்களையும் துறையின் ஆங்கிலப் பெயரையும் அரசுத் தள வரையறையோடு சேர்த்துத் தேடுங்கள். தமிழில் தேடி அகப்படாத தாள் இந்த வழியில் அகப்பட வாய்ப்பு மிகுதி.

கூகுள் இப்போது முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கத்தைக் காட்டுகிறது. தொகை, வயது வரம்பு, வருமான வரம்பு போன்றவற்றுக்கு அதை நம்பி அலுவலகப் படி ஏறாதீர்கள். பழைய தொகையும் வேறு மாநிலத்து விதியும் அதில் கலந்துவிட இடமுண்டு. 2024இல் சேர்க்கப்பட்ட 'வெப்' என்னும் வடிகட்டியைத் தொட்டால் அந்தச் சுருக்கமும் காணொளிகளும் நீங்கி, வெறும் இணைப்புகளின் பட்டியல் கிடைக்கும். தாளைத் திறந்து, அதன் நாளைப் பார்த்த பிறகே எதையும் உறுதி என்று கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றிய பழைய அச்சு நூல் ஒன்றின் ஒளிநகல் என்னிடம் உள்ளது. அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். முழுவதையும் தட்டச்சு செய்யத்தான் வேண்டுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முதலில், அந்த நூல் ஏற்கெனவே இணையத்தில் உள்ளதா என்று பாருங்கள். ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணையத்தளமே முதல் இடம். 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். நூற்பெயரில் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரின் வேறு எழுத்துக்கூட்டல்களிலும் தேட வேண்டும்.

எங்கும் இல்லையென்றால் கூகுள் டிரைவ் உதவும். பக்கத்தைப் படம் எடுத்து டிரைவில் ஏற்றி, அதைக் கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால், படத்தின் கீழே அதிலுள்ள எழுத்துகள் திருத்தத்தக்க உரையாக வந்து நிற்கும். தமிழையும் அது படிக்கும். பக்கம் நேராகவும் நிழல் விழாமலும் இருக்க வேண்டும். கோப்பின் அளவு 2 எம்.பி.க்குள் இருப்பது நல்லது. இரண்டு பத்திகளாக அச்சிட்ட பக்கம் என்றால் நடுவே பிரித்து இரு படங்களாக ஏற்றுங்கள். இல்லையேல் இடப்பத்தி வரியும் வலப்பத்தி வரியும் பின்னிக்கொண்டு வரக்கூடும்.

திருத்தும் வேலை இதில் தவிர்க்க முடியாதது. துணைக்கால் 'ர' ஆவதும் 'ர' துணைக்கால் ஆவதும் அடிக்கடி நேரும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978இல்தான். அதற்கு முந்தைய அச்சில் 'லை', 'னை', 'ணா', 'றா' முதலியவை பழைய வடிவில் இருப்பதால் கருவி அங்கே தடுமாறும். ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும் என்பதுதான் இதில் ஆறுதல்: முதல் சில பக்கங்களைக் கையால் திருத்தும்போதே பிழைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு 'ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்' வசதியால் நூல் முழுவதும் மாற்றிவிடலாம். அதையும் சொல் சொல்லாக மாற்றுங்கள், எழுத்து எழுத்தாக மாற்றாதீர்கள். எழுத்தை மாற்றப் போனால் சரியாக இருந்த சொற்களும் கெடும்.

ஒளிநகல் மிகவும் மங்கி இருந்தால் வாய்விட்டுப் படிப்பதே விரைவான வழி. குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, 'டூல்ஸ்' பட்டியலில் குரல்வழித் தட்டச்சைத் தேர்ந்து, மொழியைத் தமிழ் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் படிக்கப் படிக்க எழுத்து விழும்.

இணையத்தில் வெளியிடும் எண்ணமிருந்தால் உரிமையையும் கருதுங்கள். ஆசிரியர் மறைந்த பிறகு இந்தியாவில் 60 ஆண்டுகளும் இலங்கையில் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கிறது.

கேள்வி: 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது' என்று ஜிமெயில் எச்சரிக்கிறது. பணம் கட்டித்தான் தீர வேண்டுமா?
– வாசகர், மேட்டூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இலவசமாகத் தரப்படும் 15 ஜி.பி. இடத்தை மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் முதல் ஏற்றிய படங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஜிமெயில் தேடல் பெட்டியில் 'லார்ஜர்' என்று தட்டி, முக்காற்புள்ளிக்குப் பின் '10' என்ற எண்ணையும் ஒட்டி 'எம்' என்ற ஆங்கில எழுத்தையும் இட்டால், 10 எம்.பி.க்கு மேற்பட்ட அஞ்சல்கள் மட்டும் வரிசையாக வரும். வேண்டாதவற்றை அழித்த பின் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். இல்லையேல் அவை 30 நாள் வரை அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பிறர் தம் டிரைவிலிருந்து உங்களோடு பகிர்ந்த கோப்புகள் உங்கள் கணக்கில் சேர்வதில்லை, அவற்றில் கை வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கைக் கூகுள் ஷீட்ஸில் வைத்திருக்கிறோம். யாரோ ஓர் எண்ணை மாற்றிவிட்டார்கள். பழைய எண்ணை மீட்க முடியுமா?
– வாசகி, தென்காசி

பதில்: முடியும். கணினியில் தாளைத் திறந்து, மாறிய கட்டத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்கு இட்டு, 'ஷோ எடிட் ஹிஸ்டரி' என்பதைத் தேர்ந்தால், முன்பு என்ன இருந்தது, எப்போது, எந்தக் கணக்கிலிருந்து மாறியது என்பது தெரியும். தாள் முழுவதும் குழம்பியிருந்தால், 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'வெர்ஷன் ஹிஸ்டரி' வழியே முந்தைய நாளின் நிலைக்கே திரும்பலாம். ஆனால் அந்த நாளுக்குப் பின் மற்றவர்கள் சேர்த்த சரியான வரவுகளும் அதோடு மறைந்துவிடும். அவற்றை முன்கூட்டியே படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியவரைக் கண்டுபிடித்துக் கடிந்துகொள்வதற்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கைப்பேசியில் விரல் பட்டாலே எண் மாறிவிடும். இனிமேல் கணக்கை எழுதும் இருவருக்கு மட்டும் திருத்தும் உரிமையை வைத்து, மற்ற உறுப்பினர்களை 'வியூவர்' என்ற நிலையில் சேருங்கள். அவர்கள் எந்நேரமும் கணக்கைப் பார்க்கலாம், எண்களை மாற்ற இயலாது.