முட்டை முதல் கிளி வரை: கேள்வி பதில்

கேள்வி: உருகிய நெய் ஆறினால் மறுபடி உறைகிறது. அவித்த முட்டை மட்டும் ஆறிய பிறகும் பழையபடி ஆவதில்லையே, ஏன் ஐயா?

பதில்: நெய் உருகும்போது அதன் மூலக்கூறுகள் இடம் பெயர்கின்றன, அவ்வளவுதான். முட்டையில் நடப்பது வேறு. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; மீதியில் பெரும்பகுதி புரதம். ஒவ்வொரு புரதமும் தனக்கென ஒரு வடிவில் மடிந்து கிடக்கும் நீண்ட சங்கிலி. சூடு பட்டதும் மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தண்ணீரையும் உள்ளே பிடித்துவைக்கின்றன. சிக்கல் விழுந்த நூற்கண்டை ஆறவைத்தால் சிக்கல் தீருமா?

கேள்வி: என் மகன் உடற்பயிற்சி முடித்துப் பச்சை முட்டை குடிக்கிறான். சொன்னால் கேட்பதில்லை.

பதில்: இதைப் படிக்கக் கொடுங்கள் அம்மா. மடிப்பு அவிழ்ந்த புரதத்தைத்தான் செரிமான நொதிகள் எளிதில் வெட்டும். வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் உடலில் சேர்கிறது. பச்சையாகக் குடித்தால் பாதிதான். சால்மோனெல்லா கிருமி வரும் ஆபத்து வேறு. காசு கொடுத்து வாங்கிய முட்டையில் பாதியை வீணடிப்பதில் என்ன வீரம்?

கேள்வி: சைவம் சாப்பிடுபவர்களுக்குப் புரதம் போதாது என்கிறார்களே?

பதில்: வகையில் குறையில்லை, அளவில்தான் கோட்டை விடுகிறோம். புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் மெத்தியோனின் குறைவு; இட்லியில் இரண்டும் சேர்ந்து ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. ஆனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு சுமார் 50 கிராம். நான்கு இட்லியில் ஏறத்தாழ எட்டு கிராம் கிடைத்தால் அதிகம். சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டிய வீடுகளில் சுண்டல், தயிர், வேர்க்கடலை கூடட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டவேண்டாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் கிளிகள் மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்கின்றன. காரம் உறைக்காதா?

பதில்: உறைக்காது. நம் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொண்டு 'சுடுகிறது' என்று மூளைக்குச் சேதி அனுப்புவது அதன் வேலை. மிளகாயில் உள்ள கேப்சைசின் அந்தப் புரதத்தின் ஓர் இடுக்கில் போய் உட்கார்ந்து, சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. காரம் நாக்கின் சுவை அல்ல, பொய்ச்சூடு. 1997இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

பறவைகளிடமும் இதே புரதம் இருக்கிறது, சூட்டை உணர்கிறது. அமைப்பில் உள்ள சிறு வேறுபாட்டால் கேப்சைசினுக்கு மட்டும் அது மசிவதில்லை. இதில் மிளகாய்க்கும் லாபம்: பல பறவைகள் விதையை முழுதாக விழுங்கித் தொலைவில் எச்சமிடும், எலியோ கடித்து நொறுக்கிவிடும். மிளகாய் நம் ஊருக்கு வந்ததே போர்த்துகீசியர் தயவில்தான். கிளியோ முதல் நாளிலிருந்தே கவலையின்றித் தின்றிருக்கும்.

கேள்வி: நாக்கைச் சுரண்டிவிட்டால் மைனா பேசும் என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா.

பதில்: தாத்தாவைத் தடுத்து நிறுத்துங்கள். பறவையின் குரல் தொண்டையில் பிறப்பதில்லை. நெஞ்சுக்குள், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் சிரிங்ஸ் என்ற உறுப்பு இருக்கிறது. ஒலி அங்கே பிறக்கிறது. கிளி தன் தடித்த நாக்கை அசைத்து அந்த ஒலிக்கு உருவம் கொடுக்கிறது. சுரண்டினால் மிஞ்சுவது புண்தான்.

கேள்வி: சொல்வதன் பொருள் கிளிக்குப் புரியுமா சார்?

பதில்: பெரும்பாலான வீட்டுக் கிளிகள் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளவே குரல் பழகுகின்றன, கூட்டம் நாம். ஆனால் அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977 முதல் பழக்கிய அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் கற்று, நிறமும் வடிவமும் சொல்லி, ஆறு வரை எண்ணியது. பழக்கும்போது அதன் கண்ணெதிரே இருவர் ஒரு பொருளைக் காட்டிக் கேள்வி கேட்டுப் பதில் சொல்வார்கள். பெயரைச் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளே பரிசு. அலெக்ஸ் 2007இல் இறந்தது.

கேள்வி: அப்படியானால் ஒரு பச்சைக்கிளி வாங்கிப் பழக்கலாமா?

பதில்: கூடாது. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசை விடவில்லையென்றால், கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் ஆஸ்திரேலியக் குட்டிக் கிளி இருக்கிறது. ஆண்தான் நன்றாகப் பேசும். வளர்ந்த பறவையில் அலகுக்கு மேல் மூக்குப் பகுதி நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஆண்.