புதுப் பூனை மூன்று நாளாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, எப்படி வெளியே கொண்டுவருவது?

கொண்டுவர வேண்டாம். நேரமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரமிருந்தால் என் முன்கையில் இருக்கும் தழும்பின் கதையைக் கேளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, வளர்த்தது மொத்தம் இரண்டு பூனை. "எங்கள் பூனை வந்த அன்றே மடியில் ஏறிப் படுத்தது" என்று சண்டைக்கு வராதீர்கள், சில குட்டிகள் அப்படித்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. உங்களுடையது வளர்ந்த பூனை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்களுடையதும் அப்படித்தான், இரண்டு வயது. தெரிந்தவர் ஒருவர் வெளியூருக்கு மாறிப் போனதால் எங்களிடம் வந்தது. அன்றைக்கு நாங்கள் செய்யாத தப்பே இல்லை. கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்தோம், சுற்றி ஆறு பேர். ஒரே ஓட்டம், பீரோவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. பாவம் பயப்படுகிறது, தூக்கி அணைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று, குழந்தைக்குச் செய்வதைப் போலவே நினைத்து, கையை உள்ளே விட்டு இழுத்தேன். கீறியதா கடித்ததா என்று பார்ப்பதற்குள் இரத்தம். ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால், வீட்டில் ஒருவர் "பூனைக்கு நன்றியே கிடையாது, நாய் வாங்கியிருக்கலாம்" என்கிறார். வந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அது எதற்கு நன்றி காட்ட வேண்டும்?

ஆனால் பெரிய தப்பு அது இல்லை. பூனையோடு அதன் பழைய விரிப்பு ஒன்றும் வந்திருந்தது. அழுக்காக இருக்கிறதே என்று அன்றே துவைத்துக் காயப்போட்டேன். அப்போது பெருமையாகக்கூட இருந்தது. பூனையின் கன்னத்திலும் தாடையிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன, கதவு, நாற்காலி என்று எதிலாவது தேய்த்துத் தேய்த்துத்தான் ஓர் இடத்தைத் தன் இடமாக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதற்குத் தெரிந்த வாசனை அந்த ஒரு விரிப்பில்தான் இருந்தது, அதையும் நான் சோப்பில் அலசிவிட்டேன்.

இரண்டு நாள் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மருத்துவரிடம் ஓடினோம். நம்மைப் போலப் பூனையால் பட்டினி தாங்க முடியாதாம். ஒன்றிரண்டு நாளைத் தாண்டிச் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்பிலிருக்கும் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்றார். "முன்பு என்ன சாப்பிட்டது?" என்று கேட்டார். நாங்கள் இருப்பதிலேயே நல்லது என்று வேறு தீனி வாங்கி வைத்திருந்தோம். பழைய தீனிக்கே மாற்றினோம். (தீனியை மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள்.)

அப்புறம்தான் உருப்படியாக ஒரு காரியம் செய்தோம். சின்ன அறை ஒன்றை அதற்கே விட்டுவிட்டோம். ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், ஏனென்றால் கழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாப்பிடப் பூனைக்குப் பிடிக்காது. நடுவில் கவிழ்த்த அட்டைப்பெட்டி, உள்ளே அந்தத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிய, துவைக்காத தலையணை உறை. நான் தினமும் ஒரு மணி நேரம் அங்கே போய், பூனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். முறைத்துப் பார்த்தால் அது மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளும். தப்பித்தவறிக் கண்ணோடு கண் பட்டுவிட்டால் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தேன். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், செய்து பாருங்கள்.

அத்தனை நாளும் மணல் அள்ளியது நான். பூனை வேண்டும் என்று ஆறு மாதம் நச்சரித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். இந்த வீட்டில் குழாய் சொட்டினால் ஆளைக் கூப்பிடுவதும் நான்தான், பல்பு எரியாவிட்டால் ஏணி போட்டு ஏறுவதும் நான்தான், ஒருவருக்கும் அது கண்ணில் படாது. சரி, அதை நீங்கள் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் என் பாதத்தில் கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போனது. நான் அசையவே இல்லை, கால் மரத்துப் போயிருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு அறையாகத் திறந்துவிட்டோம். வெளிக்கதவை மட்டும் ஒரு மாதம் வரை திறந்து போடவில்லை.

நீங்கள் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்: சாப்பிடுகிறதா? இரவு விளக்கை அணைத்த பிறகு தட்டு காலியாகிறதா, மணல் நனைகிறதா என்று பாருங்கள். இரண்டும் நடந்தால் இன்னும் ஒரு வாரம் கட்டிலடியிலேயே கிடக்கட்டும். மூன்று நாளாக இரண்டில் ஏதாவது ஒன்று நடக்கவில்லை என்றாலும், மேலே நான் சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு இன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், கையில் தடித்த துண்டைச் சுற்றிக்கொண்டு.