ஃபீனிக்ஸ் வீட்டில் ஊரிலிருந்து வரும் அப்பாவுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கலாமா?

தாராளமாகப் போடலாம். ஆனால் "காலையும் மாலையும் நானே தண்ணி ஊத்திக்கிறேன்" என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, ஃபீனிக்ஸ் இருக்கும் அரிசோனா பாலைவனத்தில் செடியைக் கெடுப்பதே அதுதான். பெரியவரைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் பழகிய மண் வேறு.

ஃபீனிக்ஸில் வருடம் முழுக்கப் பெய்தாலும் சராசரியாக 20 செ.மீ. மழை தேறாது. குழாய்த் தண்ணீரில் உப்பும் அதிகம். தினம் கொஞ்சம் ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும். தண்ணீர் ஆவியாகிப் போய், உப்பு வேரடியில் தங்கும். இலை நுனி கருகும். "தண்ணி பத்தலை" என்று இன்னும் ஊற்றுவார்கள், இன்னும் கருகும். மரத்துக்கு 3 அடி, புதர்ச்செடிக்கு 2 அடி, சின்னச் செடிகளுக்கு 1 அடி ஆழம்வரை நனைத்துவிட்டுக் காயவிட வேண்டும். அப்பா கையில் ஹோஸுக்குப் பதில் ஒரு மூன்றடி இரும்புக் கம்பியைக் கொடுங்கள். ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த இடத்தில் டக்கென்று நின்றுவிடும். எத்தனை அடி நனைந்தது என்று அவரே கணக்கு வைத்துக்கொள்வார். வேர்பிடித்த முருங்கைக்குக் கோடையில்கூட வாரம், பத்து நாளைக்கு ஒருமுறை போதும். சொட்டுநீர்க் குழாயைத் தண்டில் ஒட்டி வைக்காமல் கிளை நுனிக்கு நேர்கீழே வையுங்கள். காய்கறிப் பாத்திக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும்.

நடுவதற்கு முன் ஓரடிக் குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். 4 மணி நேரத்தில் 4 அங்குலமாவது இறங்காவிட்டால் அடியில் 'கலீச்சே' என்ற சுண்ணாம்புப் பாறை இருக்கலாம். வேறு இடம் பாருங்கள், அல்லது உயரப் பாத்தி கட்டுங்கள்.

கறிவேப்பிலையைத் தொட்டியில் வையுங்கள், உறைபனி இரவில் உள்ளே தூக்கி வைக்கலாம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. காரமண்ணில் சாதாரண இரும்பு உப்பு வேலைக்காகாது. ஈடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்புச் செலேட், அதாவது காரமண்ணிலும் வேர் உறிஞ்சக்கூடிய இரும்பு உரம், கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்றோ இலையோ பெட்டியில் வரவே கூடாது. சட்டப்படி தடை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரலாம்.

டிக்கெட் போடவில்லை என்றால் அக்டோபருக்குப் போடுங்கள். எல்லோரும் கோடையில்தான் அழைக்கிறார்கள். 2023-இல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டிய ஊர் இது. அந்த வெயிலில் வெண்டை, காராமணி, கொத்தவரை நிற்கும். தக்காளிப் பூ உதிர்ந்துவிடும். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி எல்லாம் குளிர்காலப் பயிர்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதுவீட்டில் சரளைக்கல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரர்கள்மீது எனக்குத் தீராத கோபம். தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது. மண் செத்துப்போகும், ஷீட் மேலேயே களை முளைக்கும். இருந்தால் நடும் இடத்தில் மட்டுமாவது வெட்டி எடுங்கள்.

பேரப்பிள்ளைகள் தாத்தாவோடு தண்ணீர் விட வருவார்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வரும் தண்ணீர் தோலை வேகவைத்துவிடும். அதைத் தரையில் ஓடவிட்டு, பெரியவர் கை வைத்துப் பார்த்த பிறகே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.