கண் நன்றாகத்தானே தெரிகிறது, டார்வின் வரை எதற்குப் போக வேண்டும்?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில், கேத்தரின் ஊருக்கும் அப்பால் ஒரு பூர்வகுடிக் கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் உதவி ஆசிரியை அந்த ஊர்க்காரர், 48 வயது, நெடுநாள் சர்க்கரை. ஊர் கிளினிக்கில் அவர் கண்ணைப் படம் எடுத்தார்கள். விழித்திரையில் பாதிப்பு, டார்வின் நகர ஆஸ்பத்திரிக்கு வரவும் என்று கடிதம் வந்திருக்கிறது. அவரோ, 'எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது, அடுத்த வருடம் மறுபடி படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். நான் வற்புறுத்தலாமா?

பதில்: வற்புறுத்துங்கள். இந்த நோயில் 'நன்றாகத் தெரிகிறது' என்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. சர்க்கரையால் விழித்திரையின் சின்ன ரத்தக் குழாய்கள் கசியும், அடைபடும், அப்புறம் புதிதாக நோஞ்சான் குழாய்கள் முளைக்கும். இவ்வளவும் நடக்கும்போது வலி இருக்காது, சுவரிலுள்ள எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படிப்பார்கள். ஒருநாள் அந்தப் புதுக் குழாய் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும்போதுதான் ஓடி வருவார்கள். லேசரும் கண்ணில் போடும் ஊசியும் பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனதை முழுசாகத் திருப்பிக் கொண்டுவர அல்ல. அதனால் நன்றாகத் தெரியும்போதே போவதுதான் லாபம்.

அவர் சொல்லும் 'மறுபடி படம்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிளினிக்கில் கண்மணியை விரிக்காமல் எடுக்கும் அந்தப் படத்துக்கு 2016 நவம்பர் முதல் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்கிறது, பூர்வகுடி மக்களுக்கு வருடம் ஒருமுறை, மற்றவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஆனால் அது 'நோய் இருக்கிறதா, இல்லையா' என்று சலித்தெடுக்க மட்டும். விழித்திரை பாதிப்பு என்று ஒருமுறை எழுதியாகிவிட்டால் அந்த ஏற்பாடு அவருக்குப் பொருந்தாது. ஒரு கண்ணில் பார்வை 6/12-ஐவிட (மற்றவர்கள் 12 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்து படிக்கும் அளவு) குறைந்தாலும் பொருந்தாது, இரண்டு கண்ணுக்கும் நடுவே எழுத்துப் பலகையில் இரண்டு வரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் பொருந்தாது. அப்படிப்பட்டவரைக் கண் மருத்துவர் நேரில், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கிளினிக்கில் புதிதாக வந்த நர்ஸ் பழைய குறிப்பைப் பார்க்காமல் அன்போடு இன்னொரு படம் எடுத்து அனுப்புவார், நோயாளியும் 'இந்த வருடக் கண் வேலை முடிந்தது' என்று வீட்டுக்குப் போய்விடுவார். படம் சிகிச்சை இல்லை. இதை அவரிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

இது உங்கள் தோழி ஒருவரின் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 2008-இல் நாடு முழுக்க எடுத்த பூர்வகுடிக் கண்நலக் கணக்கெடுப்பில், சர்க்கரை உள்ள பெரியவர்களில் முந்தைய ஓராண்டுக்குள் கண்ணைக் காட்டியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். லேசர் தேவைப்பட்டவர்களில் அது கிடைத்தவர்கள் பத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. 2016 கணக்கெடுப்பில் நிலைமை தேறியது, சொன்ன காலத்தில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 53 சதவீதம் ஆனார்கள். மற்ற ஆஸ்திரேலியர்களில் அது 78. பரிசோதனையைக் கூட்டுவது சுலபம், கேமரா வாங்கி வைத்தால் எண்ணிக்கை ஏறும், அமைச்சர் பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொள்வார். கண்டுபிடித்த நோய்க்கு ஊசி போட டாக்டரும் வண்டியும் தங்க இடமும் வேண்டுமே, அதற்கு யாருக்கும் அவசரம் இல்லை.

அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தேதி, காலை எட்டரை என்பது போல ஒரு நேரம், கீழே ஒரு தொலைபேசி எண், அவ்வளவுதான். கேத்தரினிலிருந்தே டார்வின் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், உங்கள் ஊரிலிருந்து எப்படி எட்டரைக்கு வந்து நிற்பது என்று எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். மழைக்காலத்தில் பாதை வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலும் கோப்பில் 'வரவில்லை' என்றுதான் எழுதுவார்கள். இரண்டு 'வரவில்லை' சேர்ந்தால் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிற இடங்களும் உண்டு, அதைச் சொல்லக்கூட மாட்டார்கள். எனவே போக முடியாது என்று தெரிந்த அன்றே கூப்பிட்டு வேறு தேதி வாங்க வேண்டும், பழைய தேதி தாண்டிய பிறகு அல்ல.

பயணச் செலவைக் கையிலிருந்து போட வேண்டாம். அரசின் நோயாளிப் பயண உதவி இருக்கிறது, கிளினிக்கில் 'பேட்ஸ்' என்றால் புரியும். அருகிலுள்ள நிபுணர் 200 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் கேட்கலாம். ஆனால் கிளம்புவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், போய்வந்து ரசீது நீட்டினால் அலைய விடுவார்கள். துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால் கிளினிக் டாக்டர் காரணம் எழுதிக் கேட்க வேண்டும், தானாகக் கிடைக்காது. வீட்டில் கிரியோல்தான் பேசுவார் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு வருவதற்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை.

அடுத்து, நடுவில் நுழையும் ஆட்கள். இவர்கள் மேல் எனக்குத் தனிக் கோபமே உண்டு. சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் கூடிக் குறையும். அந்த நேரம் பார்த்து 'கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும்' என்று விலை உயர்ந்த பிரேமைத் தவணையில் தலையில் கட்டுவார்கள். கண்ணாடி விழித்திரைக்கு எதுவும் செய்யாது. இன்னொரு கூட்டம் கண்ணுக்கு 'இயற்கை' மாத்திரை, பொடி விற்கும். வாசலுக்கு வந்து விற்றதில் கையெழுத்துப் போட்டிருந்தால் பத்து வேலை நாளுக்குள் ரத்து செய்ய ஆஸ்திரேலியச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. அரசு உதவித்தொகையிலிருந்து 'சென்டர்பே' வழியாகப் பிடித்துக்கொள்கிறோம் என்றால் இன்னும் ஜாக்கிரதை, வீட்டுச் சாமான்களை வாடகைக்கு விட்டவர்கள் அந்த வழியில்தான் ஏழைகளின் பணத்தை உறிஞ்சினார்கள். அந்தப் பிடித்தத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். தனியார் கிளினிக்கில் 'உடனே ஊசி போடலாம்' என்று யாராவது அழைத்தால், மருந்து விலை தவிர ஊசி போடும் கட்டணத்தில் கையிலிருந்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டணம் இல்லை.

ஊசி என்றதும் பயப்படுவார். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதியில்தான் போடுவார்கள், குத்துவது ஒரு நொடி. ஆனால் ஒன்றோடு முடியாது, விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருந்தால் முதல் சில மாதங்களுக்கு மாதம் ஒன்று போடுவது வழக்கம். முதல் ஊசியிலேயே தெளிந்துவிட்டது என்று நிறுத்துபவர்களுக்கு வீக்கம் திரும்பும். ஆகவே அடுத்த தேதியையும் அதற்கான 'பேட்ஸ்' விண்ணப்பத்தையும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேத்தரினுக்கே கண் டாக்டர் வருகிற நாளில் மீதியைப் போட முடியுமா என்றும் கேட்கலாம்.

கண்மணியை விரித்த அன்று அவர் வண்டி ஓட்டக்கூடாது. ஊசி போட்ட மறுநாள் மணல் விழுந்தது போல உறுத்தும், அது பரவாயில்லை, பள்ளிக்கு வரலாம். அடுத்த சில நாளில் கண் சிவந்து வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கே 'திங்கட்கிழமை வா' என்றால், டார்வின் ஆஸ்பத்திரிக் கண் டாக்டரை இப்போதே போனில் கூப்பிடுங்கள் என்று அங்கேயே நின்று கேளுங்கள்.