குடும்ப அறை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோலாலம்பூரில் பல வருடமாக வீடு புதுப்பிக்கும் வேலை செய்கிறேன். குடும்ப அறை (ஃபேமிலி ரூம்) பற்றிக் கேட்டவர்களின் ஊரும் கேள்வியும், அதற்குக் கீழே என் பதிலும் இங்கே.

கெப்போங்: அக்கா, ஹால் இருக்கும்போது ஃபேமிலி ரூம் தனியாக எதற்கு?

ஹால் விருந்தாளிக்கு. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருபவர்களை அங்கேதான் உட்கார வைப்போம். குடும்ப அறை நமக்கு: கைலியோடு படுத்து டிவி பார்க்கலாம், பிள்ளைகள் புத்தகங்களைப் பரப்பிப் போடலாம். 1945-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் ஜார்ஜ் நெல்சனும் ஹென்றி ரைட்டும் இதைப் 'பெயரில்லாத அறை' என்று எழுதினார்கள். நம் வீடுகளில் சமையற்கட்டுக்கு முன்னால் பாய் விரிக்கிற இடம்தான் அது.

செராஸ்: 20-க்கு 65 அடி, ஒற்றை மாடி வரிசை வீடு. நடுவில் இருக்கும் ஃபேமிலி ரூமில் யாருமே உட்காருவதில்லை. சோபாவை மாற்றட்டுமா?

சோபாவுக்குச் செலவு செய்யாதீர்கள், தம்பி. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். ஜன்னல் முன்னும் பின்னும்தான். நடுவில் இருட்டு, புழுக்கம். யார் உட்காருவார்கள்? அறையின் தரைப்பரப்பில் 10 சதவீதமாவது ஜன்னல் வேண்டும் என்று மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளே சொல்கின்றன. ஆனால் சமையலறையைப் பின்னால் நீட்டும்போது பலர் இருந்த காற்றையும் அடைத்துவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் இதைவிட நீளம். அதனால்தான் நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டார்கள்.

நீங்கள் நடு அறைக்கு மேலே சில ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதியுங்கள். அதற்கு நேர் கீழே சீலிங்கைத் திறந்து, சூடு வெளியேறப் பக்கவாட்டில் லூவர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுத் திறப்பு) வையுங்கள். ஒரு வீட்டில் இப்படிச் செய்து, மறுவாரம் போய்ப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் பாட்டி முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேரன் அவர் காலடியில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

பட்டர்வொர்த்: 55 அங்குல டிவி பெரிதாக இருக்குமா?

ஏழு அடி தள்ளி உட்கார இடமிருந்தால் சரி. ஆனால் எல்லா நாற்காலியையும் டிவி பக்கமே திருப்பாதீர்கள். இரண்டு நாற்காலிகளாவது ஒன்றையொன்று பார்த்து இருக்கட்டும்.

செந்தூல்: 700 சதுர அடி அடுக்குமாடி. தனி அறைக்கு வழியே இல்லை அக்கா.

அறை வேண்டாம்மா, மூலை போதும். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளுங்கள். சமையலறை வாசலுக்கு நேரே பாயும் நாலு திண்டும் போடுங்கள். அடுப்படியில் நிற்பவரும் பேச்சில் சேர்ந்துகொள்ள வேண்டும்.

கெப்போங்: அப்புறம், ஹாலுக்கும் அதற்கும் நடுவே உள்ள சுவரை இடிக்கலாமா?

பொறியாளர் பார்க்காமல் கை வைக்காதீர்கள். பழைய வரிசை வீடுகளில் சில உட்சுவர்களும் பாரம் தாங்கும். இடிக்க வருபவர் "ஒன்றும் ஆகாது" என்றாலும் நம்ப வேண்டாம். முதலில் வீட்டின் வரைபடத்தைத் தேடி எடுங்கள். நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்கும்போதும் அது வேண்டும்.