கட்டி மங்கல், சிறுநீரகம் பளிச்: ஃபோலேட் தடங்காட்டியில் எங்கே கோளாறு?

கேள்வி: கட்டியைப் படம்பிடிக்கும் தடங்காட்டிக்காக, ஃபோலிக் அமிலத்தோடு கீலேட்டரை (உலோக அணுவைப் பற்றிக்கொள்ளும் கூறு) இணைத்து, கதிரியக்க டெக்னீசியம்-99எம் ஏற்றியிருக்கிறோம். கதிர்வேதித் தூய்மை (மொத்தக் கதிரியக்கத்தில் தடங்காட்டியோடு சேர்ந்திருக்கும் பங்கு) 97%. ஆனாலும் கேபி என்ற புற்று செல்கள் அதை அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டி வளர்த்த சுண்டெலியில் சிறுநீரகம்தான் பளிச்சென்று தெரிகிறது, கட்டி மங்கல். மூலக்கூறை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு மூலக்கூறில் கை வைக்காதீர்கள். செல்கள் எந்த மீடியத்தில் வளர்கின்றன என்று முதலில் பாருங்கள். வழக்கமான வளர்ப்பு மீடியமான ஆர்பிஎம்ஐ 1640-ல் லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 2.3 மைக்ரோமோலார் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் ஃபோலேட்டைப் பற்றும் புரதமான ஃபோலேட் ஏற்பி-ஆல்ஃபாவுக்கு நானோமோலார் அளவே போதும், இறுகப் பற்றிக்கொள்ளும். ஆக, தடங்காட்டி வந்து சேரும்போது ஏற்பிகள் எல்லாம் நிரம்பியிருக்கும். சோதனைக்கு முன் உப்புக் கரைசலில் கழுவினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நடுநிலை பிஹெச்-ல் ஏற்பி தன் பிடியை எளிதில் விடாது. ஃபோலேட் இல்லாத ஆர்பிஎம்ஐ-யில் 10% கன்றுச் சீரம் சேர்த்து, சில தலைமுறைகள் வளர்த்த செல்களையே பயன்படுத்துங்கள். சீரத்தில் உள்ள ஃபோலேட்டே அவற்றுக்குப் போதும்.

சோதனையை 37 டிகிரியில் 1 முதல் 2 மணி நேரம் நடத்துங்கள். சோதனைத் தட்டின் ஒரு பகுதிக் குழிகளில் 100 மைக்ரோமோலார் ஃபோலிக் அமிலமும் சேருங்கள். பிடிப்பு அங்கே அடியோடு விழ வேண்டும். விழாவிட்டால் நீங்கள் அளப்பது வெறும் ஒட்டுதல். பிஹெச் 3 கரைசலில் கழுவினால் மேற்பரப்பில் இருப்பது நீங்கி, உள்ளே போனது மட்டும் எஞ்சும். ஏற்பி இல்லாத ஒப்பீட்டுக்கு ஏ549 செல்கள் நல்லது. (கேபி வாய்ப் புற்று செல் என்றே பல கட்டுரைகளில் வருகிறது, உண்மையில் அது ஹீலா (கருப்பைவாய்ப் புற்று செல்) கலந்துபோன வரிசை. ஏற்பி ஏராளமாக இருப்பதால் சோதனைக்குக் குறையில்லை. கட்டுரையில் மட்டும் சரியாகக் குறிப்பிடுங்கள்.)

சுண்டெலியிலும் இதே கதைதான். சாதாரணத் தீவனம் தின்னும் எலியின் இரத்தத்தில் ஃபோலேட் மனிதரைவிடப் பல மடங்கு அதிகம். கட்டி செல்களைச் செலுத்துவதற்கு சுமார் 5 நாள் முன்பே ஃபோலேட் இல்லாத தீவனத்துக்கு மாற்றி, கடைசிவரை அதையே கொடுங்கள்.

அடுத்தது, ஏற்றப்படாத முன்பொருள். கதிர்வேதித் தூய்மை 97% என்பது கதிரியக்கத்தின் கணக்கு மட்டுமே. டெக்னீசியம் சேராத இணைப்பு மூலக்கூறு (அதுவே முன்பொருள்) குப்பியில் எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்லாது. அந்த மிச்சமும் அதே ஏற்பிக்குப் போட்டி போடும். எச்பிஎல்சி-யில் (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) பிரித்தெடுங்கள், அல்லது முன்பொருளைக் குறைத்து, எலிக்கு மொத்தம் 1 நானோமோலுக்குள் நிறுத்துங்கள். தைராய்டும் இரைப்பையும் ஒளிர்ந்தால் தனிப் பெர்டெக்னிடேட் (கீலேட்டரில் சேராத டெக்னீசியம்). கல்லீரல் ஒளிர்ந்தால் கூழ்மம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் பிடிப்பு இல்லையென்றால்தான் வேதியியலைச் சந்தேகிக்கலாம். ஃபோலிக் அமிலத்தின் ஒரு முனையான டெரினைத் தொட்டிருந்தால் கதை முடிந்தது. ஏற்பி பற்றுவது அதைத்தான். கீலேட்டரை மறுமுனையான குளூட்டமேட்டின் காமா கார்பாக்சிலில் இணையுங்கள். நேரடி இணைப்பில் ஆல்ஃபா, காமா இரண்டும் கலந்து வரும். திண்மநிலை முறையில் ஆல்ஃபாவைக் காப்பிட்ட குளூட்டமிக் அமிலத்தில் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. குப்பியை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், ஃபோலேட் சிதையும்.

சிறுநீரகம் ஒளிர்வதைப் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் அண்மை நுண்குழல்களிலும் இதே ஏற்பி நிறைய உண்டு. எலிக்கு 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கூடவே செலுத்திப் பாருங்கள்: கட்டியோடு சிறுநீரகமும் மங்கினால், தடங்காட்டி ஏற்பியைத்தான் தேடிப் போகிறது. சிறுநீரகப் பிடிப்பைக் குறைக்க, சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தார் காட்டிய வழி ஒன்று உண்டு: 1 மணி நேரம் முன்பு எலிக்கு 400 மைக்ரோகிராம் பெமெட்ரெக்செட் (ஃபோலேட்டை ஒத்த புற்றுமருந்து). சிறுநீரகப் பிடிப்பு வெகுவாகக் குறையும், கட்டிப் பிடிப்பு ஏறத்தாழ அப்படியே நிற்கும். இரத்தப் புரதமான அல்புமினைப் பற்றும் கூறு ஒன்றை மூலக்கூறில் சேர்ப்பது இன்னொரு வழி. ஆனால் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றுவதால், 6 மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியத்தைவிட, அரை ஆயுள் நீண்ட லுட்டீசியம்-177-க்கே அது பொருந்தும்.