குப்பைக் கிடங்கு வடிவமைப்புக்கு நிலநடுக்கப் பதிவுகளை எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

நிலநடுக்கப் பதிவு என்பது தரை நொடிக்கு நொடி எப்படி ஆடியது என்று கருவி பதிந்துவைத்த வரைபடம். கட்டப்போகும் கிடங்கைக் கணினியில் ஆட்டிப் பார்க்க, அங்கே வரக்கூடிய நிலநடுக்கத்தின் அளவு, நிலநடுக்கம் கிளம்பும் நிலத்தடிப் பாறைப் பிளவு இருக்கும் தூரம், அடியில் பாறையா மண்ணா என்பதெல்லாம் ஒத்துப்போகிற பழைய பதிவுகளாகப் பொறுக்குவார்கள். ஒன்று போதாது, பல வேண்டும், ஏனென்றால் ஒரே அளவுள்ள இரண்டு நிலநடுக்கங்கள்கூட ஒரே மாதிரி ஆட்டுவதில்லை.

அப்புறம், உயரமான குப்பைமேடு மெத்தென்று இருப்பதால் மெதுவாகத்தான் ஆடும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் லேசான தள்ளலுக்கே உயரப் போகும் இல்லையா, அதேபோல மெதுவான அதிர்வுதான் மேட்டை அதிகம் ஆட்டும். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் கலிபோர்னியாவின் சிக்கிட்டா கேன்யன் கிடங்கில் பிளாஸ்டிக் விரிப்பே கிழிந்தது. குப்பையிலிருந்து கசியும் அழுக்குநீர் நிலத்தடி நீரில் கலக்காமல் காப்பது இந்த விரிப்புதான்.

ஓங்கி உலுக்கும் பதிவை எடுத்துக்கொண்டாலே போதும், பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை, உச்சம் குறைவாக இருந்தாலும் நீண்ட நேரம் மெதுவாக ஆட்டும் பதிவு மேட்டை இன்னும் அதிகமாகச் சரிய வைக்கலாம்.